கடிகாரம் மாறும் ஞாயிறுகள்: முதல்முறை சந்திப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நேர்முகத் தேர்வு நியூயார்க் நேரப்படி காலை 10 மணிக்கு. நாள், மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறுக்கு மறுநாள். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களும் அந்த ஊர்க்காரர்களோடு பேசிப் பழகியிருந்ததால் நேர வித்தியாசம் எனக்கு மனப்பாடம். பத்து நிமிடம் முன்பே சட்டையை மாற்றிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தேன். இணைப்பைத் திறந்தால், கூட்டம் முடிந்துவிட்டது என்ற ஒற்றை வரி. மின்னஞ்சலில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. முதலாவதில் "காத்திருக்கிறோம்" என்று இருந்தது. இரண்டாவதில் "வேறொரு நாள் பார்க்கலாம்" என்று இருந்தது. அந்த வேறொரு நாள் வரவே இல்லை.

நான் வளர்ந்த இடத்தில் கடிகாரத்தை யாரும் மாற்றியதில்லை. ஒரு நாடே ஒரே இரவில் முள்ளைத் தள்ளி வைக்கும் என்பதை அந்தத் திங்கட்கிழமைதான் உறைக்க உணர்ந்தேன். அதன் பிறகு இந்த விஷயத்தைத் துருவித் துருவிப் படித்தேன். ஒரு மணி நேரத்தைக் கூட்டுவதிலும் கழிப்பதிலும் எந்தச் சிரமமும் இல்லை. ஒவ்வொரு நாடும் வெவ்வேறு நாளில் அதைச் செய்வதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. புதிதாக வெளிநாடு போகிறவர்களுக்கும், வெளிநாட்டவரோடு வேலை பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கும், உறவினர் கடல் கடந்து இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்த இரவில் நடப்பது என்ன?

பகலொளி சேமிப்பு நேரம் என்றும் கோடை நேரம் என்றும் சொல்வது ஒன்றையேதான். கோடையில் சூரியன் சீக்கிரம் உதிக்கிறது. அந்த வெளிச்சம் மக்கள் தூங்கும்போதே வீணாகிறது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்துவிட்டால் அந்த வெளிச்சம் மாலைக்கு வந்து சேரும். நியூசிலாந்தில் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் பூச்சிகளைச் சேகரித்து ஆராய்ந்த ஜார்ஜ் ஹட்சன் 1895இல் இந்த யோசனையை முன்வைத்தார். அவர் கேட்டது ஒரு மணி நேரம் அல்ல, இரண்டு. இங்கிலாந்தில் வில்லியம் வில்லெட் என்ற கட்டுமானத் தொழிலதிபர் 1907 முதல் இதற்காகப் போராடினார். 1915இல் அவர் இறந்தார்; அடுத்த ஆண்டு, முதல் உலகப் போரின் நடுவே, ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் 1916 ஏப்ரல் 30 அன்று கடிகாரத்தை மாற்றின. சில வாரங்களிலேயே பிரிட்டனும் மாற்றியது. சாகும்வரை கேட்டவருக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

மாற்றும் இரவை நியூயார்க்கில் இருந்து பார்ப்போம். மார்ச் ஞாயிறு அதிகாலை 1:59. அடுத்த நிமிடம் 2:00 ஆவதற்குப் பதில் 3:00 ஆகிவிடும். அன்று 2:30 என்று ஒரு நேரமே கிடையாது. அந்த நேரத்துக்கு அலாரமோ தானியங்கிப் பணியோ வைத்திருந்தால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. நவம்பர் ஞாயிறு இதற்கு நேர் எதிர். 1:59க்குப் பிறகு மறுபடி 1:00. எனவே 1:30 இரண்டு முறை வரும். "1:30க்கு அழைத்தேன்" என்று யாராவது சொன்னால், எந்த 1:30 என்று கேட்டாக வேண்டும். இரவுப் பணியில் இருப்பவர் எட்டு மணி நேர வேலைக்கு வந்து ஒன்பது மணி நேரம் பார்த்துவிட்டுப் போவார். அமெரிக்காவின் ஆம்ட்ராக் ரயில்கள் அந்த இரவில், அட்டவணையை மீறி முன்கூட்டியே போய்ச் சேராமல் இருக்க, வழியில் ஒரு நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்று காத்திருக்கும் வழக்கம் உண்டு.

எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதில் குழப்பம் வந்தால், கோடையை நோக்கிப் போகும்போது முள் முன்னே, குளிரை நோக்கிப் போகும்போது முள் பின்னே என்று நினைவில் வையுங்கள். மாதப் பெயரை வைத்து நினைவில் கொள்ளாதீர்கள். பூமியின் தென்பாதியில் கோடை டிசம்பரில் வருவதால், அங்கே மாதங்கள் தலைகீழ்.

அடுத்து, உங்களுக்கு வேண்டிய நாட்டின் விதி

எல்லா நாடுகளின் விதியையும் நெட்டுருச் செய்ய வேண்டாம். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உலகின் பெரும்பாலான நாடுகள் இன்று கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் பகலின் நீளம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒன்றே. அங்கே மாற்றி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஜப்பான் 1948 முதல் 1951 வரை மாற்றிப் பார்த்து விட்டுவிட்டது. சீனா 1986 முதல் 1991 வரை. ஆகவே உங்கள் வேலை இரண்டு மூன்று விதிகளோடு முடிந்துவிடும்.

ஐரோப்பாவின் விதிதான் ஆகச் சீரானது. மார்ச் கடைசி ஞாயிறு முன்னே, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், பிரிட்டன், நார்வே, சுவிட்சர்லாந்து அனைத்துக்கும் இதுவே. அவை எல்லாம் ஒரே கணத்தில் மாறுகின்றன என்பது இன்னும் அழகு. எல்லா ஊர் நேரங்களுக்கும் அடிப்படையான ஒருங்கிணைந்த உலக நேரம், அதாவது யூடிசி, 1 மணி அடிக்கும்போது லண்டனில் 1 மணி 2 ஆகிறது, பாரிஸில் 2 மணி 3 ஆகிறது, ஏதென்ஸில் 3 மணி 4 ஆகிறது. அதனால் இந்த நாடுகளுக்குள் ஊருக்கு ஊர் வித்தியாசம் ஒருபோதும் குலைவதில்லை. 2026இல் இந்த நாட்கள் மார்ச் 29, அக்டோபர் 25. 2027இல் மார்ச் 28, அக்டோபர் 31. ஐஸ்லாந்து மாற்றுவதில்லை, ரஷ்யாவும் பெலாரஸும் மாற்றுவதில்லை, துருக்கி 2016 முதல் மாற்றுவதில்லை.

இந்த வழக்கத்தையே ஒழிக்கலாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 மார்ச்சில் வாக்களித்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு "ஐரோப்பாவில் இப்போது கிடையாது" என்று நம்பியிருப்பவர்களைப் பலமுறை சந்தித்திருக்கிறேன். உறுப்பு நாடுகள் உடன்பாட்டுக்கு வராததால் அது நடைமுறைக்கு வரவில்லை. அமெரிக்காவிலும் இதே கதை. ஆண்டு முழுவதும் கோடை நேரத்தையே வைத்துக்கொள்ளும் மசோதாவை செனட் சபை 2022 மார்ச்சில் நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அதை எடுத்துக்கொள்ளவில்லை. தலைப்புச் செய்தியை நம்பி எதையும் மாற்றாதீர்கள்.

அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் இரண்டாவது ஞாயிறு முன்னே, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே. 2026இல் மார்ச் 8, நவம்பர் 1. 2027இல் மார்ச் 14, நவம்பர் 7. இங்கே ஐரோப்பாவைப் போல் ஒரே கணத்தில் மாறுவதில்லை. ஒவ்வொரு நேர வலயமும், அதாவது ஒரே மணியைப் பின்பற்றும் பகுதியும், தன் கடிகாரத்தில் அதிகாலை 2 மணி ஆகும்போது மாறுகிறது. ஆகவே மார்ச் ஞாயிறன்று ஒரு மணி நேரத்துக்கு மட்டும் நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடையே இரண்டு மணி நேர வித்தியாசம் இருக்கும்.

ஹவாய் மாற்றுவதில்லை. அரிசோனாவின் பெரும்பகுதியும் மாற்றுவதில்லை. கொளுத்தும் வெயிலில் மாலையை நீட்டிக்க அங்கே யாருக்கும் ஆசையில்லை. ஆனால் அதே அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ பழங்குடி மக்களின் நிலப்பகுதி மாற்றுகிறது. அந்த நிலப்பகுதியால் சூழப்பட்ட ஹோப்பி மக்களின் நிலம் மாற்றுவதில்லை. கோடையில் அந்த வழியாகக் காரில் போனால் செல்பேசியின் கடிகாரம் முன்னும் பின்னும் குதிக்கும். அங்கே முன்பதிவு ஏதும் செய்திருந்தால், எந்த நேரப்படி என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். கனடாவின் பெரும்பகுதி அமெரிக்க நாட்களையே பின்பற்றுகிறது. சஸ்காட்சுவானின் பெரும்பகுதி, யூகான் போன்றவை விலக்கு. மெக்சிகோ 2022இல் கைவிட்டது, ஆனால் டிஹுவானா போன்ற வட எல்லை நகரங்கள் அக்கம்பக்கத்து அமெரிக்க ஊர்களோடு சேர்ந்து இன்றும் மாற்றுகின்றன.

ஆஸ்திரேலியாவுக்குத்தான் பொறுமை வேண்டும். சிட்னி, மெல்பர்ன், கான்பெரா, ஹோபார்ட், அடிலெய்டு ஆகியவை அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே. பிரிஸ்பேன், டார்வின், பெர்த் மாற்றுவதில்லை. குளிர்காலத்தில் பெருநிலத்தில் மூன்று நேரங்கள்; கோடையில் அவை ஐந்தாகிவிடும். குவீன்ஸ்லாந்து எல்லையில் கூலங்கட்டாவும் ட்வீட் ஹெட்ஸும் ஒரே ஊர் போல ஒட்டிக் கிடக்கின்றன. கோடையில் ஒரு தெருவைக் கடந்தால் ஒரு மணி நேரம் மாறிவிடும். புத்தாண்டு நள்ளிரவை ஒரே இரவில் இரண்டு முறை கொண்டாட முடியும். லார்ட் ஹவ் என்ற சிறு தீவு அரை மணி நேரம் மட்டுமே மாற்றுகிறது. நியூசிலாந்து ஒரு வாரம் முந்திக்கொண்டு செப்டம்பர் கடைசி ஞாயிறிலேயே தொடங்கிவிடும். முடிப்பது ஆஸ்திரேலியாவோடு ஏப்ரல் முதல் ஞாயிறில்.

தென் அமெரிக்காவில் பிரேசில் 2019இல் நிறுத்திவிட்டது. பராகுவே 2024இல் கோடை நேரத்திலேயே நிலைத்துவிட்டது. சிலியின் பெரும்பகுதி மட்டும் ஏப்ரல், செப்டம்பர் மாதங்களின் முதல் சனிக்கிழமை நள்ளிரவில் மாற்றுகிறது.

ஞாயிறு என்பதே விதி என்று எண்ணிவிடாதீர்கள். எகிப்து 2023இல் இந்த வழக்கத்துக்குத் திரும்பியபோது, ஏப்ரல் கடைசி வெள்ளி தொடக்கம், அக்டோபர் கடைசி வியாழன் முடிவு என்று வைத்தது. இஸ்ரேல் மார்ச் கடைசி ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. மொராக்கோ ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம் முன்னே இருந்துவிட்டு, ரமலான் மாதத்தில் மட்டும் பின்னே வருகிறது; ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால் அந்தத் தேதிகளும் நகரும். ஈரான், ஜோர்டான், சிரியா மூன்றும் 2022இல் விட்டுவிட்டன.

ஆபத்தான வாரங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆண்டின் பெரும்பகுதிக்கு அது சரி. ஆனால் அமெரிக்கா மார்ச்சில் முந்திக்கொண்டு மாறுகிறது. ஐரோப்பா மாத இறுதியில் மாறுகிறது. இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் நான்கு மணி நேரம். இந்த இடைவெளி சில ஆண்டுகளில் இரண்டு வாரம், சில ஆண்டுகளில் மூன்று வாரம். 2026இல் மார்ச் 8 முதல் 29 வரை மூன்று வாரம். 2027இல் மார்ச் 14 முதல் 28 வரை இரண்டு வாரம். ஆண்டு இறுதியில் ஐரோப்பா முந்திக்கொள்வதால் அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை மறுபடி ஒரு வாரம் நான்கு மணி.

லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே இது இன்னும் விரியும். வடபாதிக் குளிர்காலத்தில் 11 மணி நேர வித்தியாசம், கோடையில் 9, இரண்டுக்கும் நடுவே 10. ஒருவர் முன்னே போகும்போது மற்றவர் பின்னே வருவதால் இரண்டு மணி நேரம் ஆடுகிறது. குளிர்காலத்தில் ஒத்துவந்த கூட்ட நேரம் கோடையில் ஒருவருக்கு நடு இரவாகிவிடும். இரு பக்கத்திலும் ஆட்களை வைத்துக் குழு நடத்துபவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை நேரத்தை மறுபடி பேசி முடிவு செய்வதுதான் நியாயம்.

உங்கள் இடத்தில் கடிகாரம் மாறாவிட்டால் கணக்கு எளிது. நைரோபியில் இருக்கும் ஒருவருக்கு நியூயார்க்கின் காலை 10 மணி, குளிர்காலத்தில் மாலை 6 மணி. கோடையில் மாலை 5 மணி. அவர்கள் முள்ளை முன்னே தள்ளும்போது அவர்களுடைய 10 மணி நமக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. ஆகவே கோடைத் தொடக்கத்தை மறந்தால் நீங்கள் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பீர்கள். என் நேர்முகத் தேர்வு போனது அப்படித்தான். கோடை முடிவை மறந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்திருப்பீர்கள். அதில் பெரிய நஷ்டமில்லை. எனவே கவனம் முழுவதும் தொடக்க நாளின் மேல் இருக்கட்டும்: வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் மார்ச், நியூசிலாந்துக்குச் செப்டம்பர் கடைசி, ஆஸ்திரேலியாவுக்கு அக்டோபர்.

நேரத்தை எழுதும் முறை

ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். "மார்ச் 12, நியூயார்க் நேரம் காலை 10 மணி" என்பதில் தவறு நேர வழியில்லை. மூன்றெழுத்துச் சுருக்கங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஈஎஸ்டி என்பது நியூயார்க்கின் குளிர்கால நேரம், ஈடிடி என்பது கோடை நேரம். ஜூலை மாதத்தில் அந்த ஊர்க்காரர்களே பழக்கத்தில் ஈஎஸ்டி என்று எழுதிவிடுகிறார்கள். அதை எழுத்துக்கு எழுத்து நம்பிக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் பிசகும். அதேபோல் கிரீன்விச் நேரம் என்பதும் லண்டன் நேரம் என்பதும் கோடையில் ஒன்றல்ல. லண்டன் அப்போது ஒரு மணி நேரம் முன்னே இருக்கிறது.

காலண்டர் செயலியில் வாராந்தரக் கூட்டம் அமைக்கும்போது, அந்தக் கூட்டம் யாருடைய ஊரைச் சார்ந்தது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கூட்டத்தை உருவாக்கும்போது நேர வலயம் கேட்கும் இடத்தில் அந்த ஊரைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஊர் மாறினால் மற்ற எல்லோருக்கும் கூட்ட நேரம் தானாக நகரும். வலயத்தைத் தேர்ந்தெடுக்கும்போது "யூடிசி கழித்தல் ஐந்து" போன்ற எண்ணை எடுக்காதீர்கள். அந்த எண்ணுக்குக் கோடை தெரியாது.

மாறும் வாரத்தில் செய்ய வேண்டியவை

செல்பேசி, கணினி இரண்டிலும் தேதி, நேரம் என்ற அமைப்புக்குள் போய், தானாக அமைத்துக்கொள்ளும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அவற்றைத் தொடவே தொடாதீர்கள். தானும் மாறி, நீங்களும் மாற்றி, இரண்டு மணி நேரம் பிசகியவர்கள் உண்டு. அடுப்பு, கார், கேமரா, சுவர்க் கடிகாரம் ஆகியவற்றைக் கையால் மாற்ற வேண்டியிருக்கும். படுக்கப் போகும்முன் மாற்றிவிட்டால் காலையில் எது பழையது எது புதியது என்ற குழப்பம் வராது.

மணி அடிக்கும் பழைய ஊசல் கடிகாரம் வீட்டில் இருந்தால் முள்ளைப் பின்னால் சுற்றாதீர்கள். பல பழைய கடிகாரங்களில் மணி அடிக்கும் பொறி பின்பக்கம் சுழலத் தாங்காது. குளிர்காலத்துக்கு மாற்றும் நாளில் ஊசலைக் கையால் நிறுத்திவிட்டு, சரியாக ஒரு மணி நேரம் கழித்து மெல்ல ஆட்டிவிடுங்கள். கோடைக்கு மாற்றும்போது முள்ளை முன்னே மெதுவாக நகர்த்துங்கள்; வழியில் மணி அடித்தால் அடித்து முடிக்கும்வரை பொறுங்கள்.

தூக்கம் குறையும் இரவுக்கு முன்னால், மூன்று நான்கு நாட்கள் தினமும் கால் மணி நேரம் முன்னதாகப் படுத்துப் பழகுங்கள். சிறு குழந்தைகளுக்கு உணவு நேரத்தையும் அப்படியே நகர்த்தலாம். குறித்த மணிக்கணக்கில் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை முன்பே கேட்டுவைப்பது நல்லது. குளிர்காலத்துக்கு மாறிய முதல் திங்கட்கிழமை, வேலை முடிந்து வெளியே வரும்போது திடீரென்று இருட்டியிருக்கும். சாலையைக் கடக்கும்போது கவனம் வேண்டும்.

விமானம், ரயில், பஸ் டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் அன்றைய நேரம். அதில் எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. விதிகள் அரசு நினைத்தால் மாறும், சில சமயம் ஒரு வார அவகாசம்கூட இல்லாமல். 2023 மார்ச்சில் லெபனான் அரசு கோடை நேரத் தொடக்கத்தைக் கடைசி நாட்களில் தள்ளிவைத்தது. அங்குள்ள மரோனைட் கிறிஸ்தவத் திருச்சபையும் இன்னும் பல அமைப்புகளும் அதை ஏற்காமல் வழக்கம்போல் மாற்றிக்கொண்டன. சில நாட்கள் ஒரே நாட்டில் இரண்டு நேரங்கள் ஓடின. பிறகு அரசு பின்வாங்கியது. நம் கருவிகளில் உள்ள நேர விதிகள் பெரும்பாலும் தன்னார்வலர்கள் திரட்டிக் காக்கும் ஒரு பொதுத் தரவுத்தளத்திலிருந்து வருகின்றன. புதிய விதி அதில் ஏறி, மென்பொருள் புதுப்பிப்பாக உங்கள் கருவிக்கு வந்து சேர நாளாகும். பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காத பழைய செல்பேசி, கைவிட்ட நாட்டையும் இன்னும் மாற்றிக்கொண்டே இருக்கும்.

அதனால் முக்கியமான சந்திப்பு இருந்தால், அதற்கு முந்தைய நாள் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: "இப்போது உங்கள் கடிகாரத்தில் மணி என்ன?" பதில் வந்ததும் உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். கழித்தால் வருவதுதான் இன்றைய வித்தியாசம். சந்திப்புக்கு முன் வரும் இரவு மாற்றும் இரவாக இருந்தால் மட்டும், காலையில் எழுந்ததும் அதே கேள்வியை மறுபடி அனுப்புங்கள்.